தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு ஆங்கிலம்: ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் பல ஆண்டுகள் வகுப்பெடுத்தும், பிறகு ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தும் வருகிறேன். அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் ஆசிரியர்களும், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வீட்டில் தமிழ் மட்டும் பேசி, பள்ளியில் முதன்முதலாக ஆங்கிலத்தைப் பாடமாகச் சந்திக்கும் ஐந்து முதல் பத்து வயது வரையிலான குழந்தைகளை மனத்தில் வைத்தே விடைகளை எழுதியிருக்கிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்துள்ளேன். குழப்பம் வரக்கூடிய இடங்களில் பொருளையும் சேர்த்திருக்கிறேன்.

வீட்டில் ஆங்கிலமே கேட்காத குழந்தை முதல் வகுப்பில் வந்து உட்காருகிறது. எங்கிருந்து தொடங்குவது?

காதிலிருந்து தொடங்குங்கள். தாய்மொழியில் முதல் சொல்லைச் சொல்வதற்கு முன் குழந்தை ஏறத்தாழ ஓராண்டு அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ஆங்கிலம் என்று வந்தால் மட்டும், முதல் வாரத்திலேயே கரும்பலகையில் எழுத்தை எழுதிப்போட்டு நோட்டைத் திறக்கச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960-களில் ஒரு முறையை உருவாக்கினார். ஆசிரியர் கட்டளையைச் சொல்வார், குழந்தை உடலால் செய்து காட்டும், வாயைத் திறக்க வேண்டிய கட்டாயம் இராது. செலவில்லாத இந்த முறை நம் வகுப்பறைக்கு மிகவும் பொருந்தும் என்பது என் அனுபவம்.

"ஸ்டாண்ட் அப்" என்று சொல்லி நீங்களும் எழுந்து நில்லுங்கள். "சிட் டவுன்" என்று சொல்லி நீங்களும் உட்காருங்கள். இரண்டு நாள் சென்றபின் சொல்ல மட்டும் செய்து, நீங்கள் அசையாமல் நின்று பாருங்கள். காதால் கேட்டு எழுகிற குழந்தை எது, பக்கத்துக் குழந்தையைப் பார்த்து எழுகிற குழந்தை எது என்பது அப்போது தெளிவாகத் தெரியும். பிறகு கதவைத் தொடு, சன்னலைத் தொடு, சிவப்புப் பென்சிலை எடு, அதைத் தோழியிடம் கொடு என்று கட்டளைகளை நீட்டிக்கொண்டே போகலாம். முதல் நான்கு வாரங்களை இதற்கே ஒதுக்கினாலும் தவறில்லை.

அந்தக் குழந்தை ஆங்கிலமே கேட்டதில்லை என்பதும் முழுமையான கூற்றன்று. ஒருமுறை இரண்டாம் வகுப்புக் குழந்தைகளிடம், வீட்டில் பெரியவர்கள் சொல்லும் ஆங்கிலச் சொற்களைச் சொல்லச் சொன்னேன். பஸ், டிக்கெட், பக்கெட், கரண்ட், சார்ஜர், ரேஷன் கார்டு, டவர், பைக், ஊசி போடுகிற நர்ஸ் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதியதில், சுவரின் அடிப்பகுதியில் அவர்களுக்கென்று பூசப்பட்டிருந்த கீழ்மட்டக் கரும்பலகை ஒரு பக்கம் முழுவதும் நிறைந்துவிட்டது. "எங்க ஆயாவுக்கு இங்கிலீஷ் தெரியும் டீச்சர்" என்று ஒரு சிறுவன் சொன்னான். அன்று முதல் அவனுக்கு ஆங்கிலம் வேற்று வீட்டுப் பொருளாக இல்லை.

பல மாதங்களாக ஒரு குழந்தை ஆங்கிலப் பாடவேளையில் வாயே திறக்கவில்லை. என்ன செய்வது?

முதலில், அந்தக் குழந்தையை எழுப்பி நிறுத்தி "சொல், சொல்" என்று வற்புறுத்துவதை நிறுத்திவிடுங்கள். இரண்டாம் மொழியைக் கற்கத் தொடங்கும் பல குழந்தைகள் ஒரு மௌனக் காலத்தைக் கடந்து வருகிறார்கள். வெளியே அமைதியாகத் தெரியும் அந்தக் காலத்தில் உள்ளே சேமிப்பு நடந்துகொண்டிருக்கும்.

என் வகுப்பில் ஒரு சிறுமி முதல் பருவம் முழுவதும் ஆங்கிலத்தில் ஓர் ஒலியையும் எழுப்பவில்லை. படத்தைக் காட்டச் சொன்னால் சரியாகக் காட்டுவாள், பொருளை எடுக்கச் சொன்னால் எடுப்பாள். பொங்கல் விடுமுறை முடிந்து வந்த வாரத்தில் ஒரு நாள் பலத்த காற்றில் வகுப்பறைக் கதவு படாரென்று அடித்துக்கொண்டபோது, கதவருகே இருந்த பையனைப் பார்த்து, "குளோஸ் தி டோர்" என்றாள். நான் அன்றாடம் சொல்லும் அதே ஏற்ற இறக்கத்தோடு, ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். நான் திரும்பிப் பார்த்துப் பாராட்டினால் கூசிப்போவாள் என்பதால், பேசாமல் எழுதிக்கொண்டிருந்தேன்.

பேசாத குழந்தைக்கும் விடையளிக்க வழி வேண்டும். சுட்டிக்காட்டுதல், ஆம் என்றால் கையைத் தூக்குதல், இரண்டு மின்னட்டைகளில் (படமுள்ள சிறு அட்டைகளில்) ஒன்றைத் தேர்ந்தெடுத்தல் ஆகியவை முதற்படி. "டாக் ஆர் கேட்?" என்று இரண்டில் ஒன்றைச் சொல்லக் கேட்பது அடுத்த படி. முழு வாக்கியத்தை அதற்கும் பின்னால்தான் எதிர்பார்க்க வேண்டும். ஆனால், ஒரு குழந்தை தமிழிலும் பேசவில்லை, வீட்டிலும் பேசவில்லை என்று தெரியவந்தால் காத்திருக்கக் கூடாது. செவித்திறனைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். வட்டார வளமையத்தில் உள்ள, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியரின் உதவியையும் உடனே நாடுங்கள்.

ஆங்கிலப் பாடத்தைத் தமிழில் விளக்கலாமா? அது குற்றம் என்று சிலர் சொல்கிறார்களே?

விளக்கலாம். அது குற்றமன்று, சரியாகச் செய்தால் பெரிய பலமே அது. கனடாவில் குடியேறியோரின் குழந்தைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், தாய்மொழியில் ஊன்றிய அறிவு இரண்டாம் மொழிக்குக் கடந்து செல்கிறது என்று 1979-இல் முன்வைத்த கருத்து, உலகெங்கும் ஆசிரியர் பயிற்சியில் இடம்பெற்றுவிட்டது. இந்தியாவின் 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும், குழந்தைகளிடம் உள்ள பன்மொழித் திறனை வகுப்பறையின் வளமாகக் கொள்ளச் சொல்கிறது. தண்ணீர் ஆவியாகி மழையாவதைத் தமிழில் புரிந்துகொண்ட குழந்தைக்கு, ஆங்கிலத்தில் தேவைப்படுவன நான்கைந்து சொற்களே. அதையே புரிந்துகொள்ளாத குழந்தைக்கு ஆங்கிலச் சொற்களும் கருத்தும் ஒருசேரப் பாரமாகின்றன.

எப்படி விளக்குகிறோம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. ஓர் ஆங்கில வரியைப் படித்து, உடனே அதைத் தமிழில் சொல்லி, அடுத்த வரியைப் படித்து, மீண்டும் தமிழில் சொல்லும் வழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தமிழ் எப்படியும் வரப்போகிறது என்று தெரிந்த குழந்தை ஆங்கில வரி ஓடும்போது காதை மூடிக்கொள்கிறது. அதனிடம் குறை காண முடியாது. எதற்குக் காத்திருக்க வேண்டும் என்பதை நாம்தான் பழக்கியிருக்கிறோம்.

நான் பரிந்துரைக்கும் முறை வேறு. குழந்தைகளுக்குத் தமிழில் நன்றாகத் தெரிந்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி வடை சுட்ட கதையைவிடப் பொருத்தமானது வேறில்லை. முதல் நாள் தமிழில் நடித்துக்காட்டச் சொல்லுங்கள். மறுநாள் அதே கதையை, படங்களை வரிசையாகக் காட்டிக்கொண்டே, சிறுசிறு ஆங்கில வாக்கியங்களில் தடையில்லாமல் முழுவதும் சொல்லுங்கள். வடையை வடை என்றே சொல்லலாம். காகம் வருகிறது, காகம் பார்க்கிறது, காகம் எடுக்கிறது, காகம் பறக்கிறது என்று "தி குரோ" என்ற எழுவாயையே திரும்பத் திரும்ப அமைத்துச் சொல்லுங்கள். கதை முன்னமே தெரிந்திருப்பதால் குழந்தையின் கவனம் மொழியின் மீது மட்டும் இருக்கும். மூன்றாம் முறை சொல்லும்போது நரி பாடச் சொல்லும் இடத்தில் நீங்கள் நிறுத்தினால், "சிங்! சிங்!" என்று வகுப்பே சொல்லும். தமிழுக்கு அங்கே உரிய இடம் கிடைத்தது, ஆங்கிலமும் இடைமுறியாமல் காதில் விழுந்தது.

எழுத்தின் பெயரை முதலில் கற்பிப்பதா, ஒலியைக் கற்பிப்பதா?

ஒலியை. இதற்கான காரணத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் குழந்தைகள் ஆங்கில வாசிப்பில் இடறும் முதற்கல் இங்கேதான் கிடக்கிறது.

தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்று. ம, ர, ம் என்று எழுத்துகளைச் சொல்லி வேகமாகச் சேர்த்தால் மரம் வந்துவிடும். இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்கு வரும் குழந்தை, மனிதனைக் குறிக்கும் 'மேன்' என்ற சொல்லில் எம், ஏ, என் என்று எழுத்துகளின் பெயரைச் சொல்லிச் சேர்க்கிறது. 'எம்மேயென்' என்றுதான் கிடைக்கிறது. அது நன்றாக முயன்ற குழந்தை. வழிதான் தவறாகக் காட்டப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகளே உள்ளன. ஒலிகளோ ஏறத்தாழ 44. 'டபிள்யூ' என்ற பெயருக்குள் அந்த எழுத்தின் ஒலி இல்லவே இல்லை. ஆகவே பெயர்களைப் பாடலாகப் பாடி மகிழட்டும். வாசிக்கும்போது ஒலியைச் சொல்லப் பழக்குங்கள்.

தமிழ்க் குழந்தைக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது என்பதைப் பல ஆசிரியர்கள் கவனிப்பதில்லை. ம் என்ற மெய்யும் அ என்ற உயிரும் சேர்ந்து ம என்ற உயிர்மெய் ஆகிறது என்பதை நம் குழந்தைகள் முதலிரு வகுப்புகளிலேயே அறிந்துவிடுகிறார்கள். ஆங்கில ஒலிவழி முறை (ஃபோனிக்ஸ்) ஒலிகளை இணைத்தல் என்று எதைச் சொல்கிறதோ, அதுவே நம் உயிர்மெய்ப் பாடம். "ப்... இ... ன்... சேர்த்துச் சொல்" என்று கேட்டால் குழந்தை 'பின்' என்று சொல்லிவிடும், ஏனெனில் அந்தக் கணக்கைத் தமிழில் போட்டுப் பழகியிருக்கிறது. மெய்யொலியைச் சொல்லும்போது 'ப' என்று அகரத்தைச் சேர்க்காமல், புள்ளி வைத்த 'ப்' என்று சொல்லச் சொல்லுங்கள். புள்ளி என்றதும் அவர்களுக்குப் புரியும்.

எந்த வரிசையில் கற்பிப்பது என்ற கேள்வியும் உடன் வரும். ஏ-யில் தொடங்கி அகர வரிசையில் போனால் சொற்கள் உருவாக நெடுநாள் ஆகும். எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்ற ஆறு எழுத்துகளின் ஒலிகளை முதலில் எடுத்துக்கொள்வது ஒலிவழி முறையில் பரவலான வழக்கம். இந்த ஆறும் தெரிந்த இரண்டாவது வாரத்திலேயே குண்டூசியாகிய பின், தகர டப்பாவாகிய டின், தண்ணீர் வரும் டேப் ஆகியவற்றைக் குழந்தை தானே வாசிக்கும். மூன்றும் பள்ளியிலேயே இருக்கும் பொருள்கள். சொல்லட்டையைக் கொடுத்து, எந்தப் பொருளின் சொல்லோ அதன் அருகே கொண்டுபோய் வைக்கச் சொல்லலாம். முதன்முதலாக ஒரு சொல்லை யாரும் சொல்லித்தராமல் வாசித்துவிட்ட குழந்தையின் முகத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மீண்டும் எழுத்துப்பெயர் முறைக்குப் போகமாட்டார்கள்.

ஒலிக்குக் கட்டுப்படாத சொற்களும் ஆங்கிலத்தில் உண்டு. தி, வாஸ், 'சொன்னான்' என்னும் பொருளுடைய செட், ஒன் போன்றவற்றை எழுத்துக்கூட்டி அறிய முயன்றால் குழப்பமே மிஞ்சும். வாரத்துக்கு மூன்று நான்கு என்று முழுச் சொல்லாகக் கண்ணுக்குப் பழக்குங்கள். இரண்டு வகைக்கும் இரண்டு நிற அட்டைகளை வைத்துக்கொண்டால், எதை ஒலித்துப் பார்ப்பது, எதை அப்படியே நினைவில் வைப்பது என்று குழந்தைக்கே தெரியும்.

ஆங்கிலச் சொல்லின் மேலே தமிழில் உச்சரிப்பை எழுதிக்கொள்ள அனுமதிக்கலாமா?

கூடாது என்பதே என் கருத்து. பழைய பாடநூல் எதைப் புரட்டினாலும் ஒவ்வொரு வரியின் மேலும் பென்சிலால் பொடி எழுத்தில் தமிழ் எழுதியிருப்பதைக் காணலாம். அப்படி எழுதிய குழந்தை பிறகு வாசிப்பது தமிழைத்தான். கீழே உள்ள ஆங்கில எழுத்துகளை அதன் கண் தொடுவதே இல்லை.

மேலும், தமிழ் எழுத்து இந்த வேலைக்கு உரியதன்று. மட்டையாகிய பேட், கெட்டது என்னும் பொருளுடைய பேட், தேர்வெழுத வைத்துக்கொள்ளும் அட்டையாகிய பேட், தட்டிக்கொடுத்தலாகிய பேட் என நான்கு வெவ்வேறு சொற்களுக்கும் தமிழில் ஒரே எழுத்துவடிவம்தான் கிடைக்கிறது. பந்தும் பால் ஆகிறது, ஆவின் பாலும் பால்தான். காலை உணவு பரிமாறும் நேரத்தில், இன்னும் வேண்டும் என்றால் "மோர், ப்ளீஸ்" என்று கேட்கப் பழக்கியபோது, கிச்சடிக்கு யார் மோர் ஊற்றிக்கொள்வார்கள் என்று ஒரு குழந்தை உண்மையான கவலையோடு என்னைக் கேட்டது. அந்தக் கேள்வியிலிருந்தே அன்றைய பாடம் நன்றாகப் பிறந்தது என்பது வேறு செய்தி.

"இஸ்கூல்", "கப்பு", "யெக்" என்றே சொல்கிறார்கள். இதைத் திருத்துவது எப்படி?

முதலில் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பதை அறிந்துகொள்வோம். தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் சேர்ந்து வருவதில்லை. ஆகவே 'ஸ்கூல்' என்பதற்கு முன் ஓர் இகரம் தானாக வந்து துணைநிற்கிறது. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை; ஆகவே 'கப்' என்பது உகரம் பெற்றுக் 'கப்பு' ஆகிறது. சொல்லின் முதலில் வரும் எகரத்தை யகரம் சேர்த்தே நம் வாய் சொல்லிப் பழகியிருக்கிறது. ஆகவே முட்டையாகிய 'எக்' என்பது 'யெக்' ஆகிறது. குழந்தை கவனக்குறைவால் இவற்றைச் செய்யவில்லை. தன் மொழியின் இலக்கணத்தைப் பிழையின்றிப் பின்பற்றுகிறது, அவ்வளவே.

இவற்றுள் எல்லாவற்றையும் விரட்டித் திருத்த வேண்டியதில்லை. பொருள் மாறிவிடும் இடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதும் 'பென்' என்பதும் வளைதலைக் குறிக்கும் 'பெண்ட்' என்பதும் தொடங்கும் ஒலிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைத் தமிழ் எழுத்து காட்டாது. அதற்கு ஓர் எளிய வழி உண்டு. தாளில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டைக் கிழித்து, குழந்தையின் உதட்டுக்கு நேராகத் தொங்கவிட்டுப் பிடியுங்கள். எழுதும் பென்னை ஆங்கில முறையில் காற்றோடு சொன்னால் தாள் துடித்து முன்னே போகும். பெண்ட் என்று சொன்னால் அசையாமல் நிற்கும். தொண்டையில் விரலை வைத்து அதிர்வை உணரச் சொல்வது இதற்குத் துணை செய்யும். பத்து நிமிடம் வகுப்பே தாளை ஆட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு கோடு நோட்டில் பக்கம் பக்கமாகப் பார்த்து எழுத வைப்பது பயன் தருமா?

கையெழுத்துக்கு ஓரளவு பயன் தரும். மொழிக்கு அனேகமாக இல்லை என்று வருத்தத்தோடு சொல்கிறேன்.

ஒரு பள்ளிக்குப் பார்வையிடச் சென்றபோது மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் நோட்டைப் பெருமையோடு கொண்டுவந்து காட்டினாள். அச்சடித்ததுபோல் எழுத்து, மேல்கோடு, கீழ்க்கோடு எதையும் மீறாத வடிவம், பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் நட்சத்திரம். "இந்த வரியைப் படி, கண்ணு" என்றேன். வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எழுதத்தான் தெரியும் மிஸ்" என்றாள். அந்த வரியில் இருந்தவை நான்கே சொற்கள். அவற்றுள் ஒன்று 'பூனை' என்னும் பொருளுடைய கேட். அவள் படம் வரைந்திருக்கிறாள், நாம் அதை எழுத்து என்று ஏற்று நட்சத்திரம் போட்டிருக்கிறோம். மூன்றாண்டுகள் அவள் உழைத்த உழைப்பு அது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

இதற்கு மாற்று என்ன? வாசிக்கத் தெரிந்ததை மட்டுமே எழுதச் சொல்லுங்கள். ஐந்து சொல்லட்டைகளைக் கலைத்துக் கொடுத்து வாக்கியமாக அடுக்கி, வாசித்து, பிறகு எழுதச் சொல்லுங்கள். "ஐ லைக்" என்று தொடங்கிக் கொடுத்து, முடிக்கும் சொல்லைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். புளிச்சோறு, கபடி, தன் வீட்டு ஆட்டுக்குட்டியின் பெயர் எதுவாகவும் இருக்கலாம். தனக்கென்று சொல்ல ஒன்று இருக்கும்போது எழுதிய ஒரு வரி, பார்த்து எழுதிய பத்துப் பக்கத்துக்கு மேல்.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக் குழந்தைகளையும் இரண்டு பேராக வைத்துக்கொண்டு இதையெல்லாம் எப்படிச் செய்வது?

இந்தக் கேள்வியில் உள்ள சுமையை நான் அறிவேன். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள்தாம். ஆகவே பல்வகுப்புக் கற்பித்தல் நம் ஊர்களில் அன்றாட நடைமுறை.

2022 ஜூனில் தொடங்கிய, தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம், முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளைத் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னது. அடுத்த ஆண்டே நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. வகுப்பு எண்ணை விட்டுவிட்டு, குழந்தை நிற்கும் இடத்தைப் பார்ப்பது ஈராசிரியர் பள்ளிக்கு உண்மையிலேயே கைகொடுக்கும் கருத்து. 40 நிமிடப் பாடவேளையில் முதல் பத்து நிமிடம் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து ஒரே கதையையோ பாடலையோ கேட்கட்டும். அடுத்த இருபது நிமிடத்தில் அரும்புக் குழந்தைகள் கதைப் படங்களை வரிசைப்படுத்தி ஒலியட்டைகளோடு விளையாட, மொட்டுக் குழந்தைகள் கதையில் வந்த சொற்களைக் கொண்டு வாக்கியம் அடுக்க, மலர் நிலையினர் கதையின் முடிவை மாற்றி மூன்று வரி எழுதலாம். நீங்கள் மூன்று குழுவுக்கும் ஓடாதீர்கள். நாளுக்கு ஒரு குழுவோடு தரையில் உட்காருங்கள். கடைசிப் பத்து நிமிடம் மீண்டும் ஒன்றுகூடல். நான்காம் வகுப்புக் குழந்தை முதல் வகுப்புக் குழந்தைக்கு வாசித்துக் காட்டும் பழக்கத்தை வாரம் இருமுறை வைத்தால், தட்டுத்தடுமாறி வாசிக்கும் மூத்த குழந்தைக்கும் கூச்சமில்லாமல் எளிய நூலை வாசிக்க ஒரு காரணம் கிடைக்கிறது.

பேசும்போது இலக்கணப் பிழை வந்தால் உடனே திருத்த வேண்டுமா?

வேண்டாம். "திஸ் பென்" என்று குழந்தை சொன்னால், "யெஸ், திஸ் இஸ் எ பென்" என்று சரியான வடிவத்தில் நீங்கள் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே செல்லுங்கள். "இது பேனா" என்பதில் வினைச்சொல் இல்லை. அதையே குழந்தை ஆங்கிலத்துக்கு எடுத்து வருகிறது. "வந்தான்" என்பதற்குள்ளேயே அவன் இருப்பதால், எழுவாயை விட்டுவிட்டு "கேம், டீச்சர்" என்றும் சொல்லும். எழுத்துப் பணியில் ஒரு நேரத்துக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்துங்கள். பக்கம் முழுதும் சிவப்பானால் குழந்தை அடுத்த முறை குறைவாக எழுதும்.

மதிப்பீட்டை எப்படிச் செய்வது? தாள் திருத்தினால் போதாதா?

தாள், குழந்தை வாசிப்பதைக் காட்டாது. ஒவ்வொரு நாளும் ஐந்து குழந்தைகளை ஒவ்வொருவராக அருகில் அழைத்து, ஆளுக்கு இரண்டு நிமிடம் வாசிக்கச் செய்து கேளுங்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். முப்பது குழந்தைகள் இருந்தாலும் ஆறு வேலை நாள்களில் ஒரு சுற்று வரும். எந்த ஒலியில் நின்றது, எந்தச் சொல்லை ஊகித்தது என்று ஒரு வரி குறித்து வைத்தால், அடுத்த வாரப் பாடம் அந்தக் குறிப்பிலிருந்தே கிடைக்கும்.

பாடநூலில் உள்ள விரைவுக் குறியீட்டின் (க்யூ.ஆர். கோடு) காணொளியைக் கைப்பேசியில் காட்டிவிட்டால் போதுமா?

பாடலையும் நல்ல உச்சரிப்பையும் கேட்க உதவும், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் குழந்தை என்ன சொன்னது என்று காணொளி கேட்காது. காட்டியபின் பேச்சு நடந்தாக வேண்டும்.

எனக்கு ஆங்கிலம் தெரியாது. என் பிள்ளைக்கு வீட்டில் எப்படி உதவுவேன்?

இப்படிக் கேட்கும் தாய்மார்கள் பலர் குற்ற உணர்வோடு கேட்கிறார்கள். அம்மா, உங்களுக்குத் தெரிந்த தமிழில் உங்கள் பிள்ளையோடு நிறையப் பேசுங்கள். சந்தைக்குப் போனது, வயலில் நடந்தது, உங்கள் சிறுவயதுக் கதை என்று எதையும் சொல்லுங்கள்; "ஏன் அப்படி நினைக்கிற?" என்று கேட்டு அவர்களையும் பேசவிடுங்கள். காரணம் சொல்லவும் வரிசையாக எடுத்துரைக்கவும் தமிழில் பழகிய குழந்தை, அந்தத் திறனோடுதான் ஆங்கிலத்துக்கு வருகிறது. அரைகுறை ஆங்கிலத்தில் பேச முயன்று வீட்டுப் பேச்சைச் சுருக்கிக்கொண்டால் இரண்டு மொழியிலும் இழப்பு ஏற்படும்.

இரவில் பத்து நிமிடம், பிள்ளை ஆங்கிலப் புத்தகத்தை உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். நீங்கள் திருத்த வேண்டாம். படத்தைக் காட்டி, "இது என்ன கதை, தமிழில் சொல்லு" என்று கேளுங்கள். அந்த இடத்தில் பிள்ளை ஆசிரியராகிறது.

வீட்டில் தமிழும் பேசாத குழந்தைகள் எங்கள் வகுப்பில் இருக்கிறார்களே?

ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளிலிருந்தும், திருப்பூரில் பின்னலாடைத் தொழிலுக்கு வந்த இந்தி, ஒடியா பேசும் குடும்பங்களிலிருந்தும், திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளிலிருந்தும் இத்தகைய குழந்தைகள் வருகிறார்கள். அவர்களுக்குத் தமிழே இரண்டாம் மொழி, ஆங்கிலம் மூன்றாவது. மேலே சொன்ன உடல்வழிக் கட்டளைகளும் படங்களும் இவர்களுக்கு இருமடங்கு தேவை. அவர்கள் மொழியில் தண்ணீருக்கு, அம்மாவுக்கு, வீட்டுக்கு என்ன சொல் என்று கேட்டு, அதையும் தமிழ்ச் சொல்லோடும் ஆங்கிலச் சொல்லோடும் சேர்த்துச் சுவரில் எழுதி வையுங்கள். தன் வீட்டுச் சொல்லைச் சுவரில் கண்ட ஒடியாக் குழந்தை ஒன்று அன்றைக்கு மூன்று முறை தோழிகளைக் கூட்டிவந்து அதைக் காட்டியது.

எத்தனை நாளில் பலன் தெரியும்?

ஆங்கிலம் சூழ்ந்த கனடாவிலேயே, குடியேறிய குழந்தைகள் அன்றாடப் பேச்சில் தேற ஏறத்தாழ இரண்டு ஆண்டும், பாடங்களைப் படிக்கத் தேவையான மொழியில் வகுப்புத் தோழர்களை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டும் ஆகின்றன என்று கம்மின்ஸ் கண்டறிந்தார். நம் நிலையைக் கணக்கிட்டுப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டம் தொடக்கநிலைக்கு வகுத்துள்ள குறைந்தபட்ச வேலை நாள்கள் 200. நாளுக்கு 40 நிமிடம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 133 மணி நேரம். அதிலும் பாதி பார்த்து எழுதுவதில் போனால் குழந்தையின் காதில் விழுவது மிகக் குறைவு. ஆகவே பொறுமை வேண்டும், கிடைக்கும் நேரத்தை மொழியால் நிரப்பவும் வேண்டும். வருகைப்பதிவு எடுப்பது, கைகழுவ வரிசையில் நிற்பது, சாப்பாட்டு நேரம், விளையாட்டு நேரம் ஆகியவற்றில் ஓரிரு ஆங்கில வாக்கியங்களை நிலையாக வைத்தால், அந்த மணி நேரக் கணக்கு உயரும்.

ஆசிரியராகிய எனக்கே ஆங்கிலத்தில் பேசக் கூச்சமாக இருக்கிறது. நான் எப்படிக் கற்பிப்பேன்?

கூட்டம் முடிந்து எல்லோரும் போனபின், தனியே வந்து தாழ்ந்த குரலில் கேட்கப்படும் கேள்வி இது. கேட்டவர்கள் பலர் மிக நல்ல ஆசிரியர்கள். நீங்களும் தமிழ்வழியில் படித்து, இதே கோடுபோட்ட நோட்டில் பார்த்து எழுதித்தான் வந்திருக்கிறீர்கள்.

சொற்பொழிவு ஆற்ற உங்களை யாரும் கேட்கவில்லை. தொடக்க வகுப்பை நடத்த முப்பது வாக்கியங்கள் இருந்தால் போதும்: உட்காரச் சொல்ல, எடுக்கச் சொல்ல, பார்க்கச் சொல்ல, யார் வரவில்லை என்று கேட்க, நன்றாகச் செய்தாய் என்று சொல்ல. அவற்றை ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். வாரத்துக்கு ஐந்தாக எடுத்து, வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு வகுப்பில் பயன்படுத்துங்கள். ஆறு வாரத்தில் முப்பதும் வாய்க்கு வந்துவிடும். சொல் தெரியாதபோது, "எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து அகராதியைப் பார்ப்போம்" என்று குழந்தைகளிடம் சொல்லலாம். அகராதியைப் புரட்டும் ஆசிரியரைச் சுற்றிக் குழந்தைகள் கூடிவிடுவார்கள். முதல் ஐந்து வாக்கியங்களை இந்தத் திங்கட்கிழமையே வருகைப்பதிவு நேரத்தில் சொல்லிப் பாருங்கள்.